முட்டைக் கோதில் கரையும் இலாபம்

முட்டை வியாபாரம் செய்யும் சகோதரர்கள் இரண்டு மூன்று பேர் ஒன்றுசேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் உடைவில் வந்துதான் நிற்கும். வீதி சரியில்லை, சாரதிக்குக் கவனமில்லை, தட்டு நைந்துவிட்டது, ஏற்றி இறக்கும் பையன்கள் தூக்கிப் போடுகிறார்கள் என்று காரணங்கள் அடுக்கப்படும். ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு காரணம் மட்டும் இந்தப் பட்டியலில் வருவதேயில்லை. கோழி என்ன தின்றது என்பதே அது. முட்டையின் கோது பலமாவதும் மெலிவதும் பண்ணையின் தீன் தொட்டியில் தீர்மானமாகிறது. அங்கே மெலிந்துபோன கோதை எவ்வளவு நல்ல வீதியும் காப்பாற்றாது. முட்டை வாங்கி விற்பவர்களும் கோழித்தீன் கடை வைத்திருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய விடயம் என்பதால் இந்த வாரம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

உடைவின் கணக்கு

முதலில் ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். விலை நாளுக்கு நாள் மாறுவது. இது விளக்கத்துக்காக மட்டுமே. முட்டை ஒன்றை 40 ரூபாவுக்கு வாங்கி 43 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 முட்டை கொண்ட ஒரு தட்டின் கொள்விலை 1,200 ரூபா. ஒன்றும் உடையாவிட்டால் 1,290 ரூபா கையில் வரும். இலாபம் 90 ரூபா. ஒன்று உடைந்தால் இலாபம் 47 ரூபாவாகிறது. இரண்டு உடைந்தால் 4 ரூபாதான் மிச்சம். மூன்று உடைந்தால் 39 ரூபா கைநட்டம். வாகனச் செலவு, கூலி எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

தட்டுக்கு இரண்டு முட்டை என்பது பலருக்குப் பெரிய விடயமாகத் தெரிவதில்லை. ஆனால் இலாபம் முழுவதையும் அந்த இரண்டு முட்டைகளே கொண்டுபோய்விடுகின்றன.

அக்கராயனில் கண்டது

கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேசத்தில் உள்ளது அக்கராயன். ஏ-9 வீதியில் முறிகண்டியிலிருந்து மேற்கே திரும்பிச் செல்ல வேண்டும். அக்கராயன்குளத்து நீரை நம்பிய வயற்பூமி. 2008 இல் போர் நெருங்கியபோது மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்து, 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரே திரும்பி வந்தார்கள். வீடும் வயலும் பாழடைந்திருந்த நிலையில், கையில் உடனடியாகக் காசு காட்டக்கூடிய தொழில்களில் ஒன்றாகக் கோழி வளர்ப்பு அமைந்தது. வன்னியெங்கும் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் பலருக்கு அது இன்றும் கைகொடுக்கிறது.

முட்டை சேகரிக்கும் நண்பர் ஒருவருடன் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஐம்பது, நூறு கோழிகள் வைத்திருக்கும் வீடுகள். ஒரு வீட்டில் உடைவைப் பற்றிப் பேச்செடுத்தபோது அந்த வீட்டு அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "நானா, உங்கட வண்டிதான் உடைக்குது. என்ர முட்டையில பிழையில்ல" என்றார். தீனைக் காட்டும்படி கேட்டோம். கடையில் வாங்கிய லேயர் தீனும் அரிசி ஆலைத் தவிடும் குறுணலும் பாதிக்குப் பாதி கலந்திருந்தன. நெல் விளையும் ஊரில் தவிடும் குறுணலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. தீன் மூடையின் விலையோ கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே மூடையை நீட்டுகிறார்கள். அதில் சோம்பலோ ஏமாற்றோ இல்லை. பிழைப்புக்காகச் செய்வது. ஆனால் கோது மெலிவதற்கான காரணம் அந்தக் கலவையிலேயே இருந்தது.

கோது எப்படி உருவாகிறது?

ஒரு முட்டைக் கோதின் நிறை ஏறக்குறைய 5 முதல் 6 கிராம். அதில் 95 வீதமளவு கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள். தனிக் கல்சியமாகக் கணக்கிட்டால் ஒரு கோதில் 2 கிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கும். தின்னும் கல்சியம் முழுவதும் கோழியின் உடலில் சேர்வதில்லை. பாதி அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகவே சேர்கிறது. ஆகவே முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிராம் கல்சியம் தேவை. கோழி ஒன்று நாளுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீன் தின்னும். அதனால்தான் லேயர் தீனில் 3.5 முதல் 4 வீதம் வரை கல்சியம் சேர்க்கப்படுகிறது.

ஒரு கோழியின் எலும்புகளில் உள்ள மொத்தக் கல்சியம் ஏறக்குறைய 20 கிராம்தான். ஆண்டுக்கு 300 முட்டை இடும் கோழி கோதுகளின் வழியாக வெளியே அனுப்புவது 600 கிராமுக்கும் அதிகம். தீனில் போதியளவு இல்லாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்து முட்டைக்குக் கொடுக்கும். கொஞ்ச நாளைக்கு முட்டை நன்றாகவே வரும். வீட்டுக்காரர் ஒன்றும் குறைவில்லை என்று நினைப்பார். பிறகு கோது மெலியும், தோல் முட்டை வரும், கடைசியில் கோழியே காலூன்ற முடியாமல் விழும். முதலை எடுத்துச் சாப்பிடும் வியாபாரியின் நிலையும் இதுதான்.

இப்போது அக்கராயன் கலவைக்கு வருவோம். தவிட்டிலும் குறுணலிலும் கல்சியம் மிகமிகக் குறைவு. 3.8 வீதம் கல்சியமுள்ள தீனைப் பாதிக்குப் பாதி கலந்தால் கோழிக்குக் கிடைப்பது 4 கிராம் அல்ல, ஏறக்குறைய 2 கிராம். அதிலும் பாதிதான் உடலில் சேரும். மிச்சம் எலும்பிலிருந்து போக வேண்டும்.

இதற்குப் பரிகாரம் பெரிய செலவு பிடிப்பதல்ல. நல்ல சுண்ணாம்புக்கல்லில் 38 வீதமளவு கல்சியம் இருக்கிறது. தீனோடு 10 கிலோ தவிடோ குறுணலோ சேர்த்தால், அதனுடன் 1 கிலோ சுண்ணாம்புக்கல் குறுணி சேர்க்க வேண்டும். பத்துக்கு ஒன்று என்று மனதில் வைத்துக்கொள்வது இலகு. இது கோதைத்தான் காப்பாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தவிடு கூடினால் புரதம் குறையும், முட்டையின் எண்ணிக்கையும் குறையும். அந்தக் குறையைச் சுண்ணாம்புக்கல் நிரப்பாது.

எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது?

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. கல்சியம் என்ற பெயரில் எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது.

சுண்ணாம்புக்கல் குறுணியும் சிப்பிக் குறுணியும் சிறந்தவை. இரண்டிலும் கல்சியத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றே. கடற்கரையிலிருந்து வரும் சிப்பி, மட்டிக் கோதுகளை நன்னீரில் பலமுறை கழுவி உப்பை அகற்றி, வெயிலில் காயவைத்து உடைக்க வேண்டும். முருகைக்கல்லை எடுக்கக்கூடாது. கரையோரத்தில் அதை அகழ்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டது.

டொலமைற் வேறு, சுண்ணாம்புக்கல் வேறு. தென்னைக்கும் தேயிலைக்கும் மண்ணில் இடுவதற்காக டொலமைற் நாடெங்கும் விற்பனையாகிறது. பார்ப்பதற்கு வெள்ளைத் தூள்தான். ஆனால் அதில் கல்சியம் ஏறக்குறைய 20 வீதம் மட்டுமே; மகனீசியம் அதிகம். மகனீசியம் கூடினால் கோழிக்குக் கழிச்சல் ஏற்படும், கோதும் மெலியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று டொலமைற்றைக் கோழிக்குக் கொடுப்பவர்கள் காசு கொடுத்து நோயை வாங்குகிறார்கள். சந்தேகமாக இருந்தால் சிறிதளவு கல்லில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் உடனே நுரைத்துப் பொங்கும். டொலமைற் மந்தமாகவே நுரைக்கும்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு, சுவருக்குப் பூசும் சுண்ணாம்பு இரண்டும் சுட்ட சுண்ணாம்பு. வாயையும் குடலையும் அரிக்கும். ஒருபோதும் கொடுக்கக்கூடாது.

வீட்டில் மிஞ்சும் முட்டைக் கோதையும் பயன்படுத்தலாம். கழுவி, அடுப்புச் சூட்டில் நன்றாக வறுத்து, கோழி அது முட்டை என்று அடையாளம் காணாதபடி நொறுக்கிக் கொடுக்க வேண்டும். முழுக் கோதாகப் போட்டால் கோழி தன் முட்டையைத் தானே கொத்தத் தொடங்கும்.

"எங்கள் கிணற்றுத் தண்ணீரே சுண்ணாம்புத் தண்ணீர்தானே, அது போதாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியமுள்ள வன்னீரிலிருந்துகூட ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 25 மில்லிகிராம்தான் கிடைக்கும். தேவையோ 4,000 மில்லிகிராம்.

மாலை நேரமும் பயறளவும்

கோழி பெரும்பாலும் காலையில் முட்டையிடும். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணித்தியாலம் செல்கிறது. அதில் ஏறக்குறைய 20 மணித்தியாலம் கோது கட்டுவதற்கே செலவாகிறது. கோதின் பெரும்பகுதி இரவில்தான் கட்டப்படுகிறது. இரவில் கோழி தின்பதில்லை. எனவே மாலையில் அது என்ன தின்றுவிட்டு அடைகிறது என்பதே மறுநாள் கோதைத் தீர்மானிக்கிறது.

இதனால்தான் குறுணியின் அளவு முக்கியம். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் சீக்கிரமே கரைந்து குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீற்றர் அளவான குறுணி, அதாவது பயறளவு, கோழியின் அரைப்பையில் தங்கி இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரைந்து கொடுத்துக்கொண்டிருக்கும். மூன்றில் இரண்டு பங்கு குறுணியாகவும் ஒரு பங்கு தூளாகவும் இருப்பது நல்லது. வீட்டுப் பண்ணைகளுக்கு இன்னும் இலகுவான வழி ஒன்றுண்டு. தீனோடு கலப்பதற்கு மேலதிகமாக, பிற்பகலில் ஒரு சிரட்டையிலோ தகரத்திலோ சிப்பிக் குறுணியைத் தனியாக வையுங்கள். தேவையான கோழி தேவையான அளவு தின்னும்.

குஞ்சுகளுக்கும் வளரும் கோழிகளுக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கு 1 வீதமளவு கல்சியமே போதும். முட்டையிடும் பருவத்துக்கு வெகு முன்னரே லேயர் தீன் கொடுத்தால் சிறுநீரகம் பழுதடையும். ஒரே கூட்டில் சிறியதும் பெரியதும் கலந்திருந்தால் குறுணியைத் தனியாக வைப்பதே பாதுகாப்பு.

எல்லாவற்றுக்கும் தீன்தான் காரணமா?

இல்லை. வன்னியின் வெக்கையும் ஒரு காரணம். வெயில் கடுமையானால் கோழி வாயைத் திறந்து இளைக்கும். அப்போது இரத்தத்திலிருந்து காபனீரொட்சைட்டு அதிகமாக வெளியேறும். கோது கட்டுவதற்குத் தேவையான மூலப்பொருளும் அதனுடன் குறையும். தீன் தின்பதும் குறையும். தகரக் கூரைக்கு மேல் கிடுகு போடுவது, நிழலில் குளிர்ந்த நீர் வைப்பது, அதிகாலையிலும் மாலையிலும் தீன் கொடுப்பது ஆகியவை உதவும்.

உவர்நீர் இன்னொரு காரணம். பூநகரிப் பக்கக் கிணறுகளைப் போல உப்பேறிய தண்ணீரைக் குடிக்கும் கோழிகளின் கோது, தீன் சரியாக இருந்தாலும் மெலியக்கூடும். வயதும் ஒரு காரணம். கோழி முதிர முட்டை பெரிதாகும். அதே அளவு கல்சியம் பெரிய முட்டையில் மெல்லியதாகப் பரவும். கல்சியம் உடலில் சேர வைற்றமின் டி3 உம் வேண்டும். முழுநாளும் அடைத்து வைக்கும் கோழிகளுக்கு அது தீனில் இருந்தே கிடைக்க வேண்டும். நோயையும் மறக்கக்கூடாது. நேற்றுவரை நன்றாக இருந்த கூட்டில் திடீரெனத் தோல் முட்டைகளும் கோணல் முட்டைகளும் வந்து எண்ணிக்கையும் விழுந்தால், குறுணியைக் கூட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கால்நடை வைத்தியரிடம் உடனே செல்லுங்கள். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இதற்காகவே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் அமைந்துள்ளது. அக்கராயனுக்கு அது தொலைவல்ல.

வாங்கும்போதே சோதியுங்கள்

வியாபாரிக்கு ஒரு இலகுவான சோதனை சொல்கிறேன். ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய 125 கிராம் உப்பைக் கரையுங்கள். ஆனையிறவு உப்பானாலும் சரி. அன்றைக்கு இட்ட முட்டைகளில் பத்தை ஒவ்வொன்றாக அதில் விடுங்கள். நல்ல கோதுள்ள முட்டை தாழும். கோது மெலிந்த முட்டை மிதக்கும். பழைய முட்டையில் காற்றறை பெரிதாகிவிடுவதால் அதுவும் மிதக்கும். ஆகவே அன்றைய முட்டையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சோதித்த முட்டைகளைச் சேமித்து வைக்காமல் முதலில் சமையலுக்கு எடுத்துவிடுங்கள். பத்தில் நாலைந்து மிதந்தால் அந்தப் பண்ணையின் தீனைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மயிர்வெடிப்புள்ள முட்டையைக் கண்டுபிடிக்க இருட்டறையில் ரோச் வெளிச்சம் போதும். எந்த வீட்டு முட்டை எத்தனை உடைந்தது என்று கொப்பியில் தனித்தனியே எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் உண்மை தெரிந்துவிடும். எல்லா வீட்டு முட்டையும் ஒரேயளவு உடைந்தால் வண்டியும் வீதியும்தான் காரணம். ஒன்றிரண்டு வீட்டு முட்டை மட்டும் தொடர்ந்து உடைந்தால் காரணம் அங்கே இருக்கிறது.

முட்டைத் தட்டுப்பாடு தந்த பாடம்

2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதும் சோள விளைச்சல் வீழ்ந்தது. 2022 இல் டொலர் நெருக்கடியும் சேர்ந்து கோழித்தீனுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை விதித்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலில் வந்திறங்கியது. முட்டைக்காகக் கடல் கடக்க வேண்டிய நிலைக்கு நாடு வந்தது.

இதில் நான் கவனித்தது வேறொன்று. இந்தியாவில் முட்டைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற தமிழ்நாட்டு நாமக்கல்லில் இருந்து வளைகுடா நாடுகளுக்குப் பல ஆண்டுகளாக முட்டை கப்பலேறுகிறது. லொறியில் துறைமுகம் வரை, பிறகு நாட்கணக்கில் கடல்வழி, அங்கே மீண்டும் லொறி. அத்தனையையும் கோது தாங்க வேண்டும். அக்கராயன் முட்டை கிளிநொச்சிச் சந்தைக்கு வருவதற்குள் தட்டில் இரண்டு உடைகிறது என்றால், குறையை வீதியில் மட்டும் தேடுவது நியாயமாகாது.

இன்னொன்று, தீனில் விலை கூடிய பொருட்கள் சோளமும் சோயாவும். அவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டுக் காசோடு கட்டுப்பட்டது. கல்சியம் அப்படியல்ல. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. புத்தளத்தில் அருவக்காட்டுச் சுண்ணாம்புக்கல்லில் சீமெந்து செய்கிறார்கள். தீனிலேயே மலிவான பொருளும், உள்நாட்டில் கிடைக்கும் பொருளும் இதுதான். அதைக் குறைத்து, விலை கூடிய தீனால் உருவான முட்டையை வழியில் உடைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

வியாபாரி செய்யக்கூடியது

அக்கராயன் போன்ற இடங்களில் முட்டை வாங்கும் சகோதரர்கள் வெறும் தட்டுகளோடு போகாமல், அனுமதிப்பத்திரமுள்ள வியாபாரியிடம் வாங்கிய சுண்ணாம்புக்கல் குறுணியை அல்லது சிப்பிக் குறுணியைச் சிறு பைகளில் கொண்டுபோகலாம். கோழிக்கு நாளுக்கு 5 கிராம் என்று வைத்தால் நூறு கோழிக்கு மாதத்துக்கு 15 கிலோ போதும். கொள்விலைக்கே கொடுத்தாலும் நட்டமில்லை. உடையாத முட்டையில் அது திரும்பி வந்துவிடும். தீன் கடைக்காரர்கள் தவிடு, குறுணல் வாங்குபவரிடம் பத்துக்கு ஒன்று கணக்கைச் சொல்லிக் குறுணியையும் சேர்த்து விற்கலாம். அதுவும் வியாபாரம், வாங்குபவருக்கும் நன்மை.

உடைவுக்கான பணத்தைப் பண்ணைக்காரரின் கணக்கில் கழிப்பது சிலருடைய வழக்கம். காரணம் என்னவென்று பார்க்காமல் கழிப்பது நியாயமல்ல. மறுபுறம், மயிர்வெடிப்புள்ள முட்டையை நல்ல முட்டையோடு கலந்து தள்ளிவிடுவதும் நடக்கிறது. வெடிப்பினூடாகக் கிருமி உட்செல்லும். அரைவேக்காட்டில் சாப்பிடுபவருக்கு அது ஆபத்து. பொருளில் உள்ள ஐபை, அதாவது குறையை, மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும் என்பது எமது மார்க்கம் வியாபாரிக்கு இட்ட கடமை. வெடித்ததை வெடித்தது என்றே சொல்லி, அன்றைக்கே நன்றாக வேகவைத்து முடிக்கும் ஹோட்டலுக்கோ பேக்கரிக்கோ குறைந்த விலைக்குக் கொடுங்கள். வாங்குபவருக்கும் மலிவு, உங்களுக்கும் ஹலாலான காசு.

அன்று அந்த அக்காவிடம் நண்பர் சொன்னது இவ்வளவுதான்: "வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா, பின்னேரக் குறுணியை நீங்கள் பாருங்கள்." பங்காளிகள் பேசிக்கொள்ள வேண்டிய முறை அது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அறுந்துபோன கொடுக்கல் வாங்கல்கள் பல இன்னும் முழுமையாக ஒட்டவில்லை. ஒருவர் நட்டத்தை மற்றவர் தலையில் கட்டாத வியாபாரம் அவற்றை ஒட்டவைக்க உதவும். நாளை முட்டை எடுக்கப் போகும் வீட்டில், தட்டை நீட்டுவதற்கு முன் தீன் தொட்டியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், பரக்கத்தின் வழி அங்கிருந்தே திறக்கும்.